கண்டெடுத்த நாய் இன்பொக்ஸுக்கு உரியதல்ல

எங்கள் ஊர் வட்ஸ்அப் குரூப்களில் இரண்டு பதிவுகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று, “ஜெக் ரஸல் குட்டி விற்பனைக்கு, இன்பொக்ஸ் வாங்க.” மற்றது சில மாதம் கழித்து, “வெளிநாட்டு நாய் ஒன்று ரோட்டில் நிற்கிறது, தேவையானவர்கள் பிடித்துக்கொண்டு போகலாம்.” இரண்டும் ஒரே கதையின் தொடக்கமும் முடிவும். ஆனால் நாங்கள் “நஜிஸ்” என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிடுகிறோம்.

நஜிஸ் என்பது சுத்தம் பற்றிய சட்டம். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண்ணால் கழுவச் சொன்னால் கழுவுவோம். கல்லால் அடி என்று அதில் எங்கே இருக்கிறது? தாகத்தில் தவித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு வந்தவருக்கு மன்னிப்புக் கிடைத்ததை வகுப்பில் படிப்பிக்கிறோம். பாடசாலை விட்டதும் அதே பிள்ளைகள் கேற்றடியில் நிற்கும் நாய்க்குக் கல் எறிகிறார்கள். பெரியவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

சரி, இந்த டெரியர் மோகம் எங்கிருந்து வந்தது? டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் புகுந்து நரியையும் எலியையும் விரட்ட வளர்க்கப்பட்ட நாய்கள் இவை. ஜெக் ரஸல், 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜோன் ரஸல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்கு வளர்த்த வழியில் வந்தது. மடியில் வைத்துப் படம் எடுக்கிற யோர்க்ஷயர் டெரியரும் ஆலைகளில் எலி பிடித்த வம்சம்தான். இதை ஆறு பேர்ச் காணியில் கட்டிப்போட்டால் தோண்டும், குரைக்கும், கேற் திறந்த செக்கனில் பூனைக்குப் பின்னால் ஓடும். அது குணக்கேடு இல்லை, அதன் தொழில். தொலைவதும் இப்படித்தான்.

வேட்டைக்கும் ஆடுமாட்டுக்கும் தோட்டத்துக்கும் நாய் வைக்க மார்க்கத்தில் இடமுண்டு. எலித் தொல்லைக்குத் தோட்டத்தில் டெரியர் வைப்பவரோடு எங்களுக்கு வாதமில்லை (கோழிகளைத் தொடாமல் பழக்கினால் சரி). டிக்டொக்குக்கு நாய் என்று எந்தக் கிதாபிலும் ஒரு பிரிவு இல்லை. வெறும் காவலுக்கென்றால் இந்த வெயிலுக்குப் பழகிய எங்கள் ஊர் நாயே போதும்.

இனிக் கண்டெடுத்தவர்கள். லுகதா என்று ஃபிக்ஹில் தனிப்பாடம் இருக்கிறது. வழிதவறிய ஒட்டகத்தை அதன்பாட்டில் விடு, அது தானே சமாளிக்கும். ஆட்டை எடு, இல்லாவிட்டால் ஓநாய்க்குப் போகும். மெயின் ரோட்டில் பஸ்களுக்கு நடுவில் நடுங்கி நிற்கும் மூன்று கிலோ யோர்க்ஷயர் ஒட்டகமா, ஆடா? கண்டெடுத்த பொருளை ஒரு வருடம் அறிவிக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு ஒரு மணித்தியாலத்தில் “விற்பனைக்கு” என்று போடுகிறோம். “நாய்க்கெல்லாம் லுகதாவா?” என்று கேட்பவர்களுக்கு: எங்கள் ஷாஃபி மத்ஹபில் நாயை விற்பதே கூடாது. பிறகு எதற்கு இன்பொக்ஸ்?

அறிவிக்கும்போது எல்லா அடையாளத்தையும் போடாதீர்கள். கழுத்துப் பட்டியின் நிறத்தையோ காதிலுள்ள தழும்பையோ மறைத்து வையுங்கள், உரிமை கோருபவர் சொல்லட்டும். சொந்தக்காரர் அடுத்த தெருச் சிங்களக் குடும்பமாக இருக்கலாம், சிங்களத்திலும் இரண்டு வரி எழுதுங்கள். மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். பழக்கமில்லாத நாயை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் மருந்தில்லை.

தொலைத்தவர்கள் முதலில் பக்கத்து வடிகான், மரக்காலை, விறகுக் குவியல்களைப் பாருங்கள். டெரியர் எலிக்குப் பின்னால் புகுந்து சிக்கிக்கொள்ளும். பட்டியில் போன் நம்பர் எழுதியிருந்தால் பாதி வேலை குறைவு.

வளர்க்க முடியவில்லை என்றால் தோட்டமும் நேரமும் உள்ள ஒருவரைத் தேடிக் கொடுங்கள். சாக்கில் கட்டி, இரவோடு இரவாக அடுத்த ஊர் எல்லையில் விட்டுவருகிற வேலையை நிறுத்துங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளும் விடிய டியூஷனுக்கு அதே ரோட்டால்தான் நடந்து போகிறார்கள்.