பாட்டு யார் கணக்கில்?

பௌர்ணமி ராத்திரி திருவண்ணாமலையில் கிரிவலம் போயிருக்கிறீர்களா? 14 கிலோமீட்டர், எட்டு லிங்கம், கால் வலிக்கிற இடத்திலெல்லாம் ஒரு டீக்கடை. கடைக்கு ஒரு ஸ்பீக்கர். இந்தக் கடையில் சீர்காழி கணீரென்று பாடிக்கொண்டிருப்பார். நாலு எட்டு வைத்தால் எல்.ஆர்.ஈஸ்வரி அம்மா. எதிர்க் கடையில் டி.எம்.எஸ். மூணும் கலந்து நாலாவதாக ஒரு பாட்டு காதில் விழும். அதற்கு ராயல்டி கேட்க ஆள் இல்லை!

போன தடவை நிருதி லிங்கம் தாண்டி ஒரு கடையில் உட்கார்ந்தேன். 'முத்தைத்தரு' ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து பெஞ்சில் மூணு பேர். ''எங்கப்பா காலைல இந்தப் பாட்டைப் போட்டுட்டுத்தான் ஷேவிங்கே பண்ணுவார்'' என்றார் ஒருத்தர். இன்னொருத்தர், ஸ்கூல் ஆண்டு விழாவில் இதை மூச்சு விடாமல் பாடப் போய், பாதியில் நாக்கு சுளுக்கி மேடையை விட்டு ஓடிய கதையைச் சொன்னார். எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. மூணாமவர் சீரியஸாக, ''அருணகிரியார் போட்ட மெட்டு சார் இது. அத்தனை நூறு வருஷமா அப்படியே இருக்கு பாருங்க'' என்றார். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

எனக்கு டீ இறங்கவில்லை.

அருணகிரிநாதர் இந்த ஊர்க்காரர்தான். கிளி கோபுரத்தைக் காட்டி அவர் கதையைச் சொல்லாமல் இந்த ஊரில் யாரும் உங்களை வெளியே விடமாட்டார்கள். அவர் எழுதிய வார்த்தை நம்மிடம் இருக்கிறது. சந்தம் இருக்கிறது. எந்த மெட்டில் பாடினார் என்பது காலத்தோடு போயே போச்சு. அந்த டீக்கடையில் ஓடியது சினிமா மெட்டு, ஐயா! 1964-ல் வந்த 'அருணகிரிநாதர்' படம். டி.எம்.எஸ்.ஸே அருணகிரியாக நடித்தார். இசை, ஜி.ராமநாதனும் டி.ஆர்.பாப்பாவும். இதில் ராமநாதன் 1963-லேயே இறந்துவிட்டார். படம் தியேட்டருக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

மெதுவாக இதைச் சொன்னேன். ''பாப்பாவா? யார் சார் அந்தம்மா?'' என்று கேட்டார்கள்.

அம்மா இல்லை. ஆம்பளை. சிவசங்கரன் என்று பெயர், வயலின் வித்வான். விநாயகர் சதுர்த்திக்குத் தெருத்தெருவாக சீர்காழி குரலில் கேட்கிறோமே 'விநாயகனே', அதுவும் அவர் மெட்டுதான். எழுதியவர் உளுந்தூர்பேட்டை சண்முகம். 2004-ல் பாப்பா காலமானார். நாம் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை வைத்தோம், பாப்பாவுக்கு நன்றி சொன்னோமா?

உங்களோடுதான் சண்டை. அந்த பெஞ்சுக்காரர்களை மட்டும் சொல்லி என்ன பண்ண? பிடித்த பாட்டைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். முதல் தடவை எங்கே கேட்டோம், பக்கத்தில் யார் இருந்தார்கள், எந்தத் தியேட்டர், என்ன மழை... எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பாட்டை உண்டாக்கின ஆள் மட்டும் ஞாபகம் இல்லை. 'எம்.ஜி.ஆர். பாட்டு' என்கிறோம். அவர் பாடவில்லை, எழுதவில்லை, மெட்டும் போடவில்லை. வாயசைத்தார்!

ராஜா ரசிகர்கள், 'எங்களுக்கெல்லாம் மியூசிக் டைரக்டர் யாருன்னு தெரியும்' என்று காலரைத் தூக்க வேண்டாம். நீங்கள் உருகி உருகிக் கேட்கிற அந்தப் புல்லாங்குழலை ஊதியவர்களில் நெப்போலியன் என்கிற அருண்மொழி ஒருத்தர். எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் மனசுக்கு நெருக்கமான பத்துப் பாட்டில் எழுதியவர் பெயரை எத்தனைக்குச் சொல்வீர்கள்? 'வாலி... இல்லே, வைரமுத்து... இருங்க, கங்கை அமரனா?' என்று லாட்டரி சீட்டு கிழிப்பீர்கள்.

நான் படித்தது பி.காம். பணம் வந்திருக்கும், யாருடையது என்று தெரியாது. அதை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம். ஆனால் வருஷக் கடைசியில் ஆடிட்டர் வந்து 'இது யாருது?' என்று கேட்டே தீருவார். நம்ம பாட்டுக் கணக்கில் ஆடிட்டரே கிடையாது. அம்பது வருஷமாக எல்லாம் சஸ்பென்ஸில் கிடக்கிறது.

'உள்ளம் உருகுதய்யா' டி.எம்.எஸ். பாட்டுதானே? பழனியில் ஒரு பையன் பாடக் கேட்டு அவர் எழுதிக்கொண்டாராம். யார் எழுதியது என்று அவருக்கே தெரியாதாம். ரொம்ப நாள் கழித்து சென்னை காளிகாம்பாள் கோயிலில் கல்லில் பொறித்திருந்த பாட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். அவர் சொன்னதாகப் பரவலாகச் சொல்லப்படும் கதை இது. எழுதியவர் பெயர் ஆண்டவன் பிச்சை. பேரைப் பார்த்து யாரோ சாமியார் என்று நினைக்காதீர்கள். மரகதம் என்ற குடும்பத்துப் பெண்மணி. பிற்பாடு ரிஷிகேஷ் போய் சிவானந்தரிடம் சேர்ந்தார். தமிழ்நாட்டையே உருக வைத்த பாட்டு, எழுதிய பெண்ணுக்கு முகம் இல்லை.

அந்தக் காலத்தில் இலங்கை வானொலியில் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். எங்கப்பாவுக்கு உடுமலை நாராயணகவியைத் தெரிந்தது அப்படித்தான். இன்றைக்குப் பக்திப் பாட்டைத் தேடினால் முருகன் படம் வருகிறது, 'சூப்பர் ஹிட்' என்று வருகிறது. எழுதிய மனுஷன் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது.

'பாட்டு நல்லாருந்தா போதாதா? பேரு எதுக்கு சார்?' என்பீர்கள். மாசக் கடைசியில் உங்கள் சம்பளம் வேறு ஒருத்தர் பெயரில் வரவாகட்டும், அப்போது இதே கேள்வியைக் கேளுங்கள். 2012-ல் காப்பிரைட் சட்டத்தைத் திருத்தி, பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு உண்டு என்று எழுதி வைத்தார்கள். பெயரே இல்லாத பாட்டுக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டி அந்தப் பங்கைக் கொடுப்பது?

ரசிகன் என்றால் யார் என்று இந்த ஊர்ப் பாட்டை வைத்தே சொல்கிறேன். வ.த.சுப்பிரமணிய பிள்ளை. பாடகர் இல்லை, கோர்ட் உத்தியோகஸ்தர், பின்னால் முன்சீப். 1871-ல் சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் சாட்சியாக எடுத்துக்காட்டிய ஒரு திருப்புகழ் பாட்டு மனுஷனைப் பிடித்துக்கொண்டது. 'ஆஹா' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை அவர். மீதிப் பாட்டெல்லாம் எங்கே என்று ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தார். முதல் பாகம் அச்சானது 1894-ல், இரண்டாம் பாகம் 1901-ல். அருணகிரியார் பாடியது 16,000 என்பார்கள். கிடைத்தது 1,300 சொச்சம். அந்த 1,300-க்கே அவர் ஆயுசு சரியாக இருந்தது. 1909-ல் போய்விட்டார்.

இவர் பெயரையும் டீக்கடையில் சொன்னேன். மூணாமவர் செல்போனை எடுத்துக் குறித்துக்கொண்டார். கடைக்காரர் மட்டும், ''பென்டிரைவ்ல நானூறு பாட்டு இருக்கு சார், எல்லாத்துக்கும் பேர் சொல்வீங்களா?'' என்று மடக்கினார். மறு பௌர்ணமிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டோடு போனேன். பாட்டு, எழுதியவர், இசை, பாடியவர் என்று நாலு கட்டம் போட்டு, முதல் பக்கத்தை அவரும் நானுமாக நிரப்பினோம். பதினோரு பாட்டு. 'பாடியவர்' கட்டம் பதினொன்றும் நிரம்பிவிட்டது. 'எழுதியவர்' கட்டத்தில் நாலு காலி. நோட்டு கல்லாப் பெட்டி பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, பேனாவும் கட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு டீ சொல்லிவிட்டுப் புரட்டிப் பாருங்கள்.