உள்ளே பூசு, வெளியே மின்னும்

ரிமோட் பந்தயக் கார் வாங்கிப் பெட்டியைத் திறக்கும் பிள்ளைகள் முதலில் கொஞ்சம் ஏமாந்துபோவதுண்டு. அட்டைப் படத்தில் பளபளக்கும் கார். உள்ளே தண்ணீர்ப் போத்தல்போல நிறமே இல்லாத ஒரு கூடு. அதற்கு நிறம் கொடுப்பது நம் வேலை.

இந்தக் கூடு பாலிகார்பனேட்டால் ஆனது. மோதினால் வளைந்துகொடுக்கும், எளிதில் உடையாது. வண்ணத்தை உட்பக்கத்தில்தான் அடிக்கவேண்டும். கார் புரண்டாலும் உரசினாலும் கீறல் பிளாஸ்டிக்கில் விழும்; வண்ணம் அதன் பின்னால் பத்திரமாக இருக்கும். இதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயைக் கேட்டு வாங்குங்கள். தமியாவில் அது பிஎஸ் வரிசை. கெட்டியான பிளாஸ்டிக் மாடல்களுக்கான டிஎஸ் வரிசையை அடித்தால், கூடு வளையும்போது வண்ணம் உரிந்துவிடும்.

வீட்டுச் சுவரில் கடைசியாக அடித்த சாயம்தான் கண்ணுக்குத் தெரியும். இங்கே எல்லாம் தலைகீழ்: முதலில் அடித்ததே வெளியே தெரியும். அதில் பிசிறு விழுந்தால் பின்னால் எத்தனை முறை அடித்தாலும் மறையாது. அதனால் அடர்ந்த நிறம் முதலில், வெளிர்நிறம் பிறகு என்பது பொது விதி.

ஓர் உதாரணம். 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற ஃபோர்ட் ஜிடி40 காரின் நிறம் வெளிர்நீலம், நடுவில் ஆரஞ்சுப் பட்டை. அதைச் செய்ய நினைத்தால் பட்டையிலிருந்து தொடங்குங்கள். கூட்டின் உட்பக்கத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிக் காயவிடுங்கள்; பிறகு விரல் படக்கூடாது. கண்ணாடி ஜன்னல்களுக்கான ஸ்டிக்கர்களை ஒட்டிவிட்டு, பட்டை வரும் இடத்தைத் தவிர மற்றதையெல்லாம் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். ஆரஞ்சு அடித்துக் காய்ந்ததும் அதன்மேல் வெள்ளை அடியுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வரும் நீலம் ஆரஞ்சை மங்கவைக்கும். பிறகு டேப்பை உரித்து, முழுவதும் நீலம். பந்தய எண்ணை மாஸ்க் வெட்டி அடிப்பதானால், கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி ஒட்டவேண்டும்.

கோடு நேராக வருவது டேப்பின் விளிம்பைப் பொறுத்தது. நகத்தாலோ பல்குச்சியாலோ விளிம்பை நன்றாக அழுத்துங்கள். முதல் பூச்சு மெல்லிய தூவலாக இருக்கட்டும். ஒரேயடியாக அடித்தால் சாயம் டேப்புக்கு அடியில் ஊறிவிடும். கூட்டின்மேல் வைத்து டேப்பை வெட்டும்போது கத்தியை அழுத்தாதீர்கள். ஆழமான வெட்டிலிருந்துதான் பின்னாளில் விரிசல் தொடங்கும்.

நம் ஊர் ஈரக்காற்றும் கவனிக்கவேண்டியது. மழை நேரத்தில் அடித்தால் சாயத்தில் வெண்மை படரும். வெயில் நாளில், காற்றோட்டமான இடத்தில், முகக்கவசத்தோடு, அடுப்புக்குத் தொலைவில் அடியுங்கள். டேப் ஒட்டுவதைப் பிள்ளைகளிடம் விடலாம். ஸ்ப்ரே பெரியவர் கையில் இருக்கட்டும்.

கூட்டின் ஓரத்தில் வெட்டி எறியவேண்டிய பகுதி நிறைய இருக்கும். அதில் ஒரு துண்டை எடுத்து, டேப் ஒட்டி ஒருமுறை அடித்துப் பாருங்கள். கைப்பழக்கம் அதில் வரட்டும்.

பல கூடுகளின் வெளிப்பக்கத்தில் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒட்டியிருக்கும். எல்லா நிறமும் காயும்வரை அதைத் தொடாதீர்கள். கடைசியில் அதை உரிக்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அட்டைப் படத்தில் பார்த்த பளபளப்பு அவர்கள் கையாலேயே வெளிவரட்டும்.