ஸ்கைலர் மேல் ஏன் இவ்வளவு கோபம்?

டிஸ்கி: 'பிரேக்கிங் பேட்' தொடரின் முழுக்கதையும் கீழே இருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும். அப்புறம் சஸ்பென்ஸ் போச்சு என்று என்னை அடிக்க வரக்கூடாது :-)

இந்தத் தொடரைப் பார்த்த யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வந்துவிடும். "எல்லாம் சூப்பர் மச்சி, அந்த ஸ்கைலரைத்தான் தாங்க முடியல." ஹீரோ வால்டர் வைட் மெத் என்கிற போதை மருந்தைக் காய்ச்சுகிறார். ஆட்களைக் கொல்கிறார். மயக்கத்தில் வாந்தியெடுத்து மூச்சுத் திணறும் ஒரு பெண்ணைப் பக்கத்தில் நின்று சாகவிடுகிறார். அவரை மன்னித்துவிட்டோம். "எங்கே போயிருந்தீங்க?" என்று கேட்ட மனைவியைத்தான் மன்னிக்க முடியவில்லை!

"அந்தக் கேரக்டரை எழுதின விதம் சரியில்லை" என்பது பலருடைய வாதம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வால்டர் சொன்ன ஒரு பொய்யை நாமும் நம்பிவிட்டோம், அதன் விளைவுதான் இந்தக் கோபம்.

என்ன பொய்? "எல்லாம் குடும்பத்துக்காக." கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு நுரையீரல் புற்றுநோய். மனைவி கர்ப்பம். மகனுக்குப் பெருமூளை வாதம். கையில் காசில்லை. பாவம், வேறென்ன செய்வார் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் முதல் சீசனிலேயே (2008) பழைய நண்பர் எலியட் வேலை தருகிறேன், சிகிச்சைச் செலவையும் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். வால்டர் மறுத்துவிடுகிறார். குடும்பம்தான் காரணம் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். இரண்டாம் சீசன் தொடக்கத்தில் குடும்பத்துக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுகிறார்: 7,37,000 டாலர். அதைத் தாண்டியும் நிறுத்தவில்லை. ஐந்தாம் சீசனில் ஸ்கைலர் அவரை ஒரு வாடகைக் கிடங்குக்கு அழைத்துப்போய், எண்ணவே முடியாத பணக்குவியலைக் காட்டி, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறாள். 'எவ்வளவு போதும்' என்ற கேள்வியை அந்த வீட்டில் கேட்கிற ஆள் அவள்தான்.

அப்படியும் அவள் மேல் எரிச்சல் வரக் காரணம், நாம் உட்கார்ந்திருக்கிற இடம். முதல் காட்சியிலிருந்தே நாம் வால்டரோடு அந்த வேனில் இருக்கிறோம். அவருடைய ரகசியம் எல்லாம் நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் கேள்வி கேட்கும்போதெல்லாம் 'ஐயோ மாட்டிக்குவாரே' என்று நமக்குத்தான் பதறுகிறது. அடுத்த சாகசத்துக்கு நடுவில் வந்து நிற்கிற ஸ்பீட் பிரேக்கர் மாதிரி தெரிகிறாள்.

மூன்றாம் சீசனின் மூன்றாவது எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள் (2010). உண்மை தெரிந்து வால்டரை வெளியே அனுப்பிவிட்டாள். அவர் அவள் பேச்சை மீறி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறார். போலீசைக் கூப்பிடுகிறாள். போலீஸ்காரர் மரியாதையாகத்தான் விசாரிக்கிறார், ஆனால் அடிதடி இல்லை, வீடு இருவருக்கும் சொந்தம், அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. உண்மையைச் சொன்னால் கணவன் ஜெயிலுக்குப் போவான், மகன் உடைந்துபோவான். வாயைத் திறக்க முடியாமல் நிற்கிறாள். மகனோ எல்லாவற்றுக்கும் அம்மாதான் காரணம் என்று கத்துகிறான். அந்தப் பையன் மேல் தப்பில்லை, அவனுக்கு எதுவும் தெரியாது. நமக்குத்தான் எல்லாம் தெரியுமே! தெரிந்தும் அவனோடு சேர்ந்து கத்தினால் எப்படி?

"அவ என்ன யோக்கியமா? டெட் கூடப் போனாளே, கள்ளக் கணக்கு எழுதினாளே" என்பீர்கள். சரிதான், அவள் உத்தமி இல்லை. கார் வாஷ் வாங்கி கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் யோசனையே அவளுடையதுதான். அவள் வெறும் 'நல்ல மனைவி' பொம்மையாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. நான்காம் சீசனில் நான்கு மாநிலங்கள் சந்திக்கும் இடத்துக்குக் கைக்குழந்தையோடு போய், எந்த ஊருக்கு ஓடலாம் என்று காசைச் சுண்டிப் பார்ப்பாள். இரண்டு முறையும் கொலராடோ விழும். காலாலேயே அதைத் தன் ஊரான நியூ மெக்சிகோ பக்கம் இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருவாள். தப்பிக்கிற வழி தெரிந்தும் சேற்றில் இறங்குகிற ஒருத்தியை வசனமே இல்லாமல் ஒரு நாணயத்தில் காட்டிவிட்டார்கள்.

என் வாதத்துக்குப் பெரிய துணை மைக். ஐந்தாம் சீசனில், எல்லாம் நாசமானதற்கு உன் திமிர்தான் காரணம் என்று வால்டரை முகத்துக்கு நேரே வாங்குவார். அந்தக் காட்சிக்கு நம் ஹாஸ்டலில் விசில் பறந்தது. கிட்டத்தட்ட அதையேதான் ஸ்கைலரும் சொல்லிக்கொண்டிருந்தாள். துப்பாக்கி வைத்திருக்கிற ஆள் சொன்னால் கெத்து, பொண்டாட்டி சொன்னால் நச்சரிப்பா?

இது திரையோடு நின்ற விஷயமும் இல்லை. ஸ்கைலராக நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். கேரக்டர் மேல் இருந்த வெறுப்பு தன் மேலேயே திரும்பியதையும், தன்னைக் கொல்ல வேண்டும், எங்கே கிடைப்பார் என்று இணையத்தில் ஒருவர் கேட்டிருந்ததையும் அதில் சொல்லியிருந்தார். அதே வேடத்துக்காக அவருக்கு 2013, 2014 இரண்டு ஆண்டும் எம்மி விருது கிடைத்தது என்பது தனிக்கதை.

எழுதியவர்களுக்கு இந்தக் கோபம் தெரியாமலா இருந்திருக்கும்? 'ஓசிமாண்டியாஸ்' எபிசோடில் (2013) வால்டர் போனில் ஸ்கைலரைக் கண்டபடி திட்டுவார். போலீஸ் ஒட்டுக் கேட்கிறது என்று தெரிந்தே, அவள் மேல் பழி வராமலிருக்கப் போடுகிற நாடகம் அது. நன்றி கெட்டவள், எப்போதும் புலம்புகிறவள் என்று வருகிற அந்த வசையெல்லாம் ரசிகர்கள் ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். நம் வார்த்தைகளை ஒரு கொலைகாரன் வாயில் கேட்கும்போது கொஞ்சம் கூசுகிறது.

கடைசி எபிசோடில் வால்டர் அவளிடமே வந்து, எல்லாம் எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறார். 62 எபிசோடில் அவர் பேசிய நேர்மையான வசனம் அதுதான். ஹீரோவே ஒப்புக்கொண்ட பிறகும் ரசிகர்கள் இன்னும் அவருக்காக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் :-)

வால்டரை ரசிப்பதில் தப்பே இல்லை, நானும் ரசித்தேன். ஆனால் 'குடும்பத்துக்காக' என்று ஒருவர் சொன்னதுமே மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் தொடருக்கு வெளியேயும் இருக்கிறது. அந்த வீட்டில் கேள்வி கேட்கிறவள்தான் கெட்டவள் ஆகிறாள். மறுபடி பார்க்கப் போகிறவர்கள் மேலே சொன்ன அந்தப் போலீஸ் காட்சியை மட்டுமாவது வாசல் பக்கமிருந்து, ஸ்கைலர் நிற்கிற இடத்திலிருந்து பாருங்கள். அதற்கப்புறமும் திட்டத் தோன்றினால் கேன்டீனுக்கு வாங்க, டீ குடித்துக்கொண்டே சண்டை போடலாம்.