கரை உடைப்பும் கணினி உடைப்பும்

சைபர் செக்யூரிட்டி என்றால் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம்தான். பி.ஏ. எகனாமிக்ஸ் படிப்பவனுக்கு அங்கே என்ன வேலை என்று சிரிப்பார்கள். ஆனால் அந்தத் துறையில் இன்றும் எடுத்தாளப்படும் ஒரு கருத்தைத் தந்தவர் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். அதுவும் கரை உடைப்பை வைத்து!

அவர் பெயர் ஜாக் ஹிர்ஷ்லைஃபர் (1925-2005). ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றவர். அமெரிக்க ராணுவத்துக்கு ஆய்வு செய்து தந்த ராண்ட் நிறுவனத்தில் 1949 முதல் 1955 வரை வேலை. பிறகு சிகாகோ, 1960 முதல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம். அணுகுண்டுப் போர் வந்தால் ஒரு நாடு எப்படி மீளும் என்று அறிய 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கொள்ளைநோயை ஆராய்ந்தவர். (பொருளாதாரம் என்றால் பட்ஜெட் மட்டும்தான் என்பவர்கள் கவனிக்க.) 1983ல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் ஒரு கற்பனைத் தீவைச் சொல்கிறார். அங்கே ஒவ்வொருவரும் தன் நிலத்துக்குரிய கடலோரத்தில் தானே கரை எழுப்ப வேண்டும். வெள்ளம் புகுவதோ இருப்பதிலேயே தாழ்ந்த கரை வழியாக. பக்கத்து நிலத்துக்காரன் சோம்பேறி என்றால் நீங்கள் எவ்வளவு உயரம் எழுப்பினாலும் வீண்தான்.

கொள்ளிடக் கரையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல ஹார்வர்டு வேண்டியதில்லை. ஓர் இடத்தில் உடைப்பு எடுத்தால் போதும், பத்து ஊர் நடவு போய்விடும். அதனால்தான் குடிமராமத்து என்ற வழக்கமே இருந்தது. வெள்ளக்காலத்தில் கரை காக்கவும் வழக்கமான மராமத்துக்கும் ஆட்களைக் கட்டாயப்படுத்தி அழைக்க மதராஸ் அரசு 1858ல் சட்டமே போட்டது. வராதவர்களுக்குத் தண்டம்.

இதே கணக்கைக் கணினிக்குப் போட்டுப் பார்த்தவர் ஹால் வேரியன். பெர்க்லி பேராசிரியர், பின்னாளில் கூகுளின் தலைமைப் பொருளாதார நிபுணர். 2002ல் பெர்க்லியில் தகவல் பாதுகாப்பின் பொருளாதாரம் பற்றி முதல் கருத்தரங்கு கூடியது. அதன் பிறகு இது தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது.

சரி, டெல்டாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் யாரோ புகுந்தார்கள். துபாய், துருக்கி, சீனா என்று மூன்று போலி உத்தரவுகள், ஏறக்குறைய 20 லட்சம் டாலர். உத்தரவு போனதற்கான ஒப்புகை வந்து அச்சாகும் பிரிண்டரை முதலிலேயே செயலிழக்க வைத்திருந்தார்கள். 2016ல் பங்களாதேஷ் மத்திய வங்கியிலும் பிரிண்டரைத்தான் முடக்கினார்கள்; அங்கே போனது 8.1 கோடி டாலர். கும்பகோணத்தில் மறுநாள் கணக்கு சரிபார்த்தபோதே விஷயம் வெளிப்பட்டதால் ஒரு பகுதியையாவது தடுக்க முடிந்தது. இருந்தாலும் தாழ்ந்த கரை எது? ஒரு பிரிண்டர்!

இன்னொரு கேள்விதான் முக்கியமானது. உடைப்பு எடுத்தால் நஷ்டம் யாருக்கு? வங்கியின் சொந்தப் பணம் போனால் வங்கி அலறி எழுகிறது. ஒரத்தநாட்டில் நெல் விற்ற பணத்தை ஓடிபி சொல்லி இழந்த விவசாயிக்கு? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதியின்படி, தவறு வங்கியிலும் இல்லை வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், மூன்று வேலைநாளுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் கிடையாது. ஆனால் ரகசிய எண்ணைத் தானே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போனதெல்லாம் அவர் தலையில்தான். ஏடிஎம் மோசடி பற்றி 2001ல் ராஸ் ஆண்டர்சன் சுட்டிக்காட்டியது இதையே. அமெரிக்காவில் வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்று வங்கி நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் அப்போது வங்கி கைகழுவிவிட முடிந்தது. விளைவு, பிரிட்டிஷ் வங்கிகள் அசட்டையாயின, மோசடி பெருகியது.

ஆக, "ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று போஸ்டர் ஒட்டுவது வங்கிக்கு மலிவான கரை. அதைவிட உயரமாக எழுப்ப அதற்குக் காரணம் வேண்டும். எந்த விதி அந்தக் காரணத்தைத் தரும், நஷ்டத்தில் பாதியை வங்கி ஏற்றால் மோசடி குறையுமா, விவசாயியும் கவனம் இழந்துவிடுவாரா... இதெல்லாம் புரோகிராம் எழுதுபவர் பதில் சொல்லும் கேள்விகள் அல்ல, எகனாமிக்ஸ் படித்தவருக்கானவை. கும்பகோணம் அரசுக் கலைக்கல்லூரியில் இதற்காக ஒரு மாணவர் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தால் பெரிய ஆய்வகம் எதுவும் வேண்டாம். டெல்டா வங்கிக் கிளைகளின் ஐந்து வருடப் புகார்ப் பதிவேடுகள் போதும். அவற்றைத் திறந்து காட்ட வங்கிகள் சம்மதிக்குமா என்பதுதான் சந்தேகம்.