மொபைல் ஸ்டார்ட்டர் 'ஹேங்' ஆகிறதா?

கேள்வி: தக்காளித் தோட்டம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். போர்வெல் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்து ஓராண்டு ஆகிறது. போன் போட்டால் மணி அடிக்கிறது, மோட்டார் ஓடுவதில்லை. சில நாள் ஓடுகிற மோட்டார் நிற்பதில்லை. மெயினை அணைத்துப் போட்டால் சரியாகிறது. பெட்டியை மாற்ற வேண்டுமா?
- பாலக்கோடு வட்டார வாசகர்

பதில்: மாற்ற அவசரம் வேண்டாம். மெயினை அணைத்துப் போட்டதும் சரியாவதால், பெரும்பாலும் மோட்டாரிலோ ரிலேயிலோ குறை இருக்காது. பெட்டிக்குள் போன் அழைப்பைக் கவனிக்கும் புரோகிராம் ஓரிடத்தில் சிக்கி நின்றுவிடுகிறது.

முதலில் சிம்மைப் பார்க்க வேண்டும். சிம்மில் சில குறுஞ்செய்திகளுக்குத்தான் இடம் உண்டு. ரீசார்ஜ் விளம்பரங்கள் வந்து வந்து அந்த இடம் நிரம்பிவிடும். அழிப்பதற்குத் தோட்டத்தில் ஆள் ஏது? குறுஞ்செய்தியால் இயங்கும் பெட்டி அதன்பின் கட்டளையை வாங்காது. அழைப்பால் இயங்கும் பெட்டிகளிலும் சில தடுமாறும். மெயினை அணைத்து, சிம்மைக் கழற்றி, பழைய பட்டன் போனில் போட்டு, சிம்மில் உள்ள செய்திகளை மொத்தமாக அழித்துவிடலாம். மாதம் ஒருமுறை போதும்.

அடுத்தது பேட்டரி. சிக்னல் தேடும் கணத்தில் போன் பகுதி அதிக மின்சாரம் இழுக்கும். பேட்டரி வலுவிழந்திருந்தால் புரோகிராம் பாதியில் நின்றுபோகும். பேட்டரி உள்ள பெட்டியில் மெயினை மட்டும் அணைத்தால் போதாது, பேட்டரி இணைப்பையும் கழற்றி மாட்ட வேண்டும்.

மோட்டார் ஓடவில்லை என்றதும் வரிசையாக ஐந்தாறு முறை போன் போடும் பழக்கமும் ஆகாது. முதல் அழைப்பை முடிப்பதற்குள் அடுத்தது வந்தால் சில புரோகிராம்கள் குழம்பும். இது சின்னப் பெட்டிக்கு மட்டும் வரும் நோயல்ல. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் 114 தொலைபேசி இணைப்பகங்கள் சுமார் ஒன்பது மணி நேரம் தடுமாறின. ஒரு செய்தியைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது செய்தி வந்தால் இணைப்பகம் நிலைகுலைந்து, மறுபடி தொடங்கியது. காரணம், புரோகிராமில் இருந்த ஒரு சிறு பிழை. செய்திகளின் வரத்தைக் குறைத்த பிறகே இணைப்பகங்கள் நிலைக்கு வந்தன. தோட்டத்திலும் அதே வைத்தியம்தான்: ஒரு முறை அழைத்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சிக்கினால் குறை புரோகிராமில்தான். விற்றவரிடம் திருத்திய புரோகிராம் ஏற்றித் தரச் சொல்லலாம். 'வாட்ச்டாக்' உண்டா என்றும் கேட்க வேண்டும். புரோகிராம் சிக்கினால் தானாகவே மறுபடி தொடங்கவைக்கும் ஏற்பாடு அது.

நிற்காத மோட்டார்தான் பெரிய ஆபத்து. தருமபுரிப் பக்கத்து ஆழமான போர்வெல்லில் தண்ணீர் இறங்கியபின் மோட்டார் வெறுமனே ஓடினால் காயில் கருகும். மேலே தூக்கும் செலவு தனி. தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பு, போன் பகுதியை நம்பாமல் தனியாக இயங்குவதாக இருக்க வேண்டும். மோட்டார் நிற்கவில்லையே என்று இரவில் ஈரக் காலோடு போய்ப் பெட்டியைத் திறப்பது கூடவே கூடாது.

புதிதாக வாங்குவோர் 4ஜி பெட்டியா என்று கேட்டு வாங்கலாம். 2ஜி பெட்டியில் ஜியோ சிம் வேலை செய்யாது.