மூன்றாவது தட்டு

தில்லி பாலிகா பஜாரில் கேசட் கடைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் வாங்கிய 'சக்தி' குழுவின் கேசட் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. டேப் நைந்துபோய்விட்டது. இருந்தாலும் உறையிலுள்ள பட்டியலை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு. எட்டு உருப்படிகள். மிக நீளமானது என்றாலும் ஏழு நிமிடம்தான். 'கெட் டவுன் அண்ட் ஸ்ருதி' என்று ஒன்றுக்குப் பெயர். காதலியை ஆட அழைக்கும் தலைப்பில் இன்னொன்று; அது இரண்டு நிமிடம்கூட ஓடாது.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். இதே குழுவின் முதல் இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே உருப்படி. 29 நிமிடம்! 1975 ஜூலையில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியை அப்படியே பதிவு செய்து 1976ல் வெளியிட்டார்கள். ஜான் மெக்லாஃப்ளினின் கிதார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயகராமின் கடம், ராம்நாடு ராகவனின் மிருதங்கம். யாருக்கும் அவசரமில்லை. மயிலாப்பூர் சபாவில் உட்கார்ந்திருப்பதைப் போல நிதானமாக வாசித்தார்கள், அமெரிக்க மாணவர்களும் பொறுமையாகக் கேட்டுக் கைதட்டினார்கள்.

என்னிடம் இருப்பது மூன்றாவது ஆல்பம், 1977ல் வந்த 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்'. மோசமானது என்று சொல்லமாட்டேன். சங்கரும் மெக்லாஃப்ளினும் மின்னல் வேகத்தில் ஒருவரையொருவர் துரத்தும் இடங்களை இன்று கேட்டாலும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் எல்லாமே ரேடியோவில் போடத் தோதான அளவில் நறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு ராகம் சூடுபிடிக்கும்போது பாட்டு முடிந்துவிடுகிறது. முன்பு மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் மெக்லாஃப்ளின் வாசித்த மின்சார கிதாருக்கு இருந்த சந்தை, சம்மணமிட்டு வாசிக்கும் சக்திக்கு இருக்கவில்லை. மறு ஆண்டே குழு கலைந்தது. 1978ல் மெக்லாஃப்ளின் வெளியிட்ட அடுத்த ஆல்பத்தின் பெயர், 'எலெக்ட்ரிக் கிதாரிஸ்ட்'. இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

(சக்தியின் பெயரில் அடுத்த ஸ்டுடியோ ஆல்பம் வர 46 ஆண்டுகள் பிடித்தன. 2023ல் வந்த 'திஸ் மொமென்ட்' மறு ஆண்டு கிராமி விருது பெற்றது. அதில் கடமும் கஞ்சிராவும் வாசித்தவர் விநாயகராமின் மகன் செல்வகணேஷ். 2024 டிசம்பரில் ஜாகிர் மறைந்தார்.)

மேற்கத்திய இசை வட்டாரத்தில் இரண்டாவது ஆல்பத்தைத்தான் கண்டம் என்பார்கள். முதல் ஆல்பத்துக்குப் பிறந்தது முதல் சேர்த்துவைத்த சரக்கு இருக்கிறது. இரண்டாவதற்கு ஆறு மாத அவகாசம்தான் என்பது அவர்கள் வாதம். என் கட்சி வேறு. இரண்டாவது சறுக்கினால் மன்னிக்க ஆளிருக்கும். மூன்றாவதற்குள் கம்பெனி கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிடும். உண்மையான கண்டம் அங்கேதான்.

சக்தியை வெளியிட்ட அதே கொலம்பியா கம்பெனியில் அப்போது நியூஜெர்சிக்காரர் ஒருவர் இருந்தார், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1973ல் இரண்டு ஆல்பங்கள் வந்தன. விமர்சகர்கள் மெச்சினார்கள், ஜனங்கள் வாங்கவில்லை. கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று கம்பெனி பணத்தை இறக்கியது. ஸ்பிரிங்ஸ்டீன் என்ன செய்தார் தெரியுமா? ஒரே ஒரு பாட்டுக்கு ஆறு மாதம் எடுத்துக்கொண்டார். கிதாருக்கு மேல் கிதார், பியானோ, சாக்ஸபோன், மணியோசை என்று அடுக்கிக்கொண்டே போனார். வேலை முடிந்து மாதிரித் தட்டு கைக்கு வந்தபோது கேட்கவே பிடிக்காமல் ஹோட்டல் நீச்சல் குளத்தில் வீசியெறிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1975 ஆகஸ்டில் வெளியான அந்த 'பார்ன் டு ரன்', அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மூன்றாவது இடம் வரை ஏறியது. அக்டோபரில் 'டைம்', 'நியூஸ்வீக்' இரண்டும் ஒரே வாரத்தில் அவரை அட்டையில் போட்டன. அவருக்கு வயது 26.

அதே 26 வயதில் இறந்துபோனவர் நிக் டிரேக். பர்மாவில், ரங்கூனில் பிறந்த ஆங்கிலேயர். கூச்ச சுபாவி, மேடை ஏறுவதென்றாலே நடுக்கம். 1969லும் 1971லும் வந்த அவரது முதல் இரண்டு ஆல்பங்களில் வயலின்கள், பக்கவாத்தியங்கள் எல்லாம் உண்டு. இரண்டும் சில ஆயிரம் பிரதிகளுக்கு மேல் போகவில்லை. மூன்றாவதற்கு டிரேக் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார். 1971 அக்டோபரில் லண்டன் ஸ்டுடியோ ஒன்றில், மற்றவர்கள் வேலை முடித்துக் கிளம்பிய பிறகு, இரண்டே இரவுகளில் பதிவு முடிந்தது. உடனிருந்தவர் ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும். ஒரு குரல், ஒரு கிதார், தலைப்புப் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. மொத்தம் 28 நிமிடம், அதாவது சக்தியின் அந்த ஒரு உருப்படியைவிடக் குறைவு. 1972ல் வெளிவந்த 'பிங்க் மூன்' முந்தைய இரண்டையும்போலவே சீந்துவாரின்றிக் கிடந்தது. 1974 நவம்பரில் டிரேக் இறந்தார். 1999ல் அமெரிக்காவில் ஒரு வோக்ஸ்வேகன் கார் விளம்பரத்தில் தலைப்புப் பாட்டு ஒலித்த பிறகுதான் கடைகளில் அதைத் தேடி ஆட்கள் வந்தார்கள். விளம்பரக்காரர்களை எப்போதும் திட்டிக்கொண்டிருக்கும் என் போன்றவர்களுக்கு இது சற்று சங்கடமான தகவல்.

ஒருவர் ஆறு மாதம், இன்னொருவர் இரண்டு இரவு. இருவரும் வேறு வேறு வழியில், இனி யார் சொல்லையும் கேட்பதில்லை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சக்தியின் மூன்றாவதில் இல்லாதது இதுதான்.

கம்பெனிகளின் காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவில் இரண்டு டான்ஸ் ஆல்பங்கள் போட்ட அலானிஸ் மாரிசெட்டை அங்கிருந்த கம்பெனி கைவிட்டது. வேறு கம்பெனியில் 1995ல் வந்த மூன்றாவது ஆல்பம் உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. அதுவே அவரது முதல் ஆல்பம் என்று நம்பியவர்கள் ஏராளம். 1997ல் ரேடியோஹெட் குழுவின் மூன்றாவதான 'ஓகே கம்ப்யூட்ட'ரைக் கேட்டுவிட்டு, இது போகாது என்று விற்பனை மதிப்பீட்டைக் குறைத்தது அமெரிக்கக் கம்பெனி. பிரிட்டனில் அது முதலிடத்துக்குப் போனது.

நம் சினிமா இசையமைப்பாளர்களுக்கு இந்தக் கண்டம் கிடையாது. 'ரோஜா' வந்தது 1992ல். 1993ல் மட்டும் ஏ.ஆர். ரஹ்மானுக்குப் 'புதிய முகம்', 'ஜென்டில்மேன்', 'கிழக்குச் சீமையிலே', 'திருடா திருடா' என்று வரிசையாகப் படங்கள். மூன்றாவது எது என்று எண்ணுவதற்குள் ஆறாவது வந்துவிடும். மெட்டு எந்தச் சூழலுக்கு வேண்டும் என்பதை டைரக்டர் சொல்லிவிடுவார். என்ன பாடுவது என்று தவித்து உட்கார்ந்திருக்கும் அவஸ்தை, சினிமாவுக்கு வெளியே இருப்பவர்களுக்குத்தான்.

தில்லியின் 'இந்தியன் ஓஷன்' குழு அப்படிப்பட்டது. 1993ல் முதல் ஆல்பம். பெரிய கம்பெனி வெளியிட்டும் குழுவின் பிழைப்பு மாறிவிடவில்லை. இரண்டாவதான 'டெஸர்ட் ரெயின்', 1997 புத்தாண்டு தினத்தில் தில்லியில் திறந்தவெளியில் வாசித்ததன் நேரடிப் பதிவு. மூன்றாவது வந்தது 2000ல், 'கண்டிசா'. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே ஏழு ஆண்டுகள். அவசரப்படுத்த யாருமில்லாத ஏழு ஆண்டுகள் என்றும் சொல்லலாம்.

அந்த ஆல்பத்திலும் ஏழே உருப்படிகள்தான். ஒன்று நர்மதையைப் போற்றும் நாட்டுப்பாடல். பேஸ் கிதார் வாசிக்கும் ராகுல் ராம் நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் வேலை செய்தவர். இன்னொன்று, இந்திக் கவிஞர் கோரக் பாண்டேயின் வரிகள். தலைப்புப் பாட்டு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய அராமிய மொழிப் பிரார்த்தனை. தில்லிக் கல்லூரி மைதானங்களில் ஒரு வார்த்தை புரியாமல் பையன்களும் பெண்களும் அதைக் கூடச் சேர்ந்து பாடுவதைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கம்பெனி அதிகாரியும் கேட்டு வாங்கியிருக்கக்கூடிய பாட்டல்ல அது. குழுவை நாடு முழுக்கத் தெரியவைத்தது அந்த மூன்றாவதுதான்.

இன்று புதிதாக வருகிற குழு ஆல்பம் போடுவதற்கே யோசிக்கிறது. ஒரு பாட்டை இணையத்தில் ஏற்றுகிறார்கள். எத்தனை பேர் கேட்டார்கள் என்பது மறுநாளே தெரிந்துவிடுகிறது. எடுபடவில்லையென்றால் அடுத்த மாதம் வேறு தினுசில் ஒன்று. கணக்குப் புத்தகத்தைத் திறக்கக் கம்பெனி வேண்டியதில்லை, பாடுபவரே தினமும் திறந்து பார்த்துக்கொள்கிறார்.

தபலாவைத் தட்டிக்கொண்டே 'கண்டிசா'வை உச்ச ஸ்தாயியில் பாடிய அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் இறந்துபோனார். குழு இன்றும் வாசிக்கிறது. மேடையில் அவர்கள் அந்தப் பாட்டைத் தொடங்கும்போது என் காது அவர் குரலைத்தான் தேடுகிறது.