கணக்கு வாத்தியாருக்குக் கிரிக்கெட் தெரியாதாம்!



2025 மார்ச் கடைசியில் சென்னை சூப்பர் கிங்ஸ் பற்றி நான்கு வரி எழுதினேன். பெங்களூருக்கு எதிராகத் தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கியது தப்பு என்றேன், அவ்வளவுதான். "சார், உங்களுக்குக் கணக்கு தெரியும், கிரிக்கெட் தெரியாது" என்று எழுதினான் ஒரு பழைய மாணவன். என் அக்கா மகன் குடும்பக் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டான். அவன் கல்யாணப் பத்திரிகையை எழுதிக் கொடுத்தவன் நான். போகட்டும்.

2025 சீசன் முடிந்து கோப்பை பெங்களூருக்குப் போய்விட்டது. நாம் 14 ஆட்டத்தில் 4 ஜெயித்து, 10 தோற்று, பட்டியலில் கடைசி. 2008-லிருந்து ஆடுகிறோம், கடைசி இடம் இதுதான் முதல் தடவை. சேப்பாக்கத்தில் ஆடிய 6 ஆட்டத்தில் 5 தோல்வி. ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டதுதான் காரணம் என்கிறீர்கள். அவர் விலகுவதற்கு முன்பே ஐந்தில் நான்கு தோற்றாயிற்று, தம்பி.

எனக்குக் கணக்கு தெரியும் என்று ஒப்புக்கொண்டீர்கள் அல்லவா, அதையே போடுகிறேன். ஏப்ரல் 5, டெல்லிக்கு எதிராகச் சேப்பாக்கத்தில். இலக்கு 184. அதாவது பந்துக்கு ஒன்றரை ரன்னுக்குக் கொஞ்சம் மேலே. விஜய் சங்கர் 54 பந்தில் 69, தோனி 26 பந்தில் 30, இரண்டு பேரும் கடைசி வரை அவுட் இல்லை. இருவரும் சேர்ந்து ஆடியது 80 பந்து, எடுத்தது 99 ரன். 80 பந்துக்கு வரவேண்டியது 123. குறைவு 24. நாம் தோற்றது எத்தனை ரன்னில்? 25. ஐந்து விக்கெட் மிச்சம் இருந்தது! மிச்சம் வைத்த விக்கெட்டுக்கு வட்டி ஏதும் கொடுக்கிறார்களா? அறுவடை முடிந்த வயலில் ஆடும் நம் ஊர்ப் பையன்கள்கூட ஒருவன் இப்படி டொக்கு வைத்தால், "அவுட் ஆயிட்டு வாடா, அடுத்தவன் ஆடட்டும்" என்று கத்துவார்கள்.

ஆறு நாள் கழித்து கொல்கத்தாவுடன் அதே மைதானத்தில் 20 ஓவரில் 103. அவர்கள் அதை 10.1 ஓவரில் முடித்துவிட்டார்கள். பிட்ச் மேல் பழி போட்டவர்கள் அந்த 10.1-ஐக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

தோனி மேல் எனக்கு விரோதம் கிடையாது. 2011 ஏப்ரல் 2 ராத்திரி அந்த சிக்சருக்கு என் வீட்டுத் திண்ணையில் குதித்தவர்களில் பாதிப் பேர் இதைப் படிக்கிறீர்கள். நானும் குதித்தேன். ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்த மனிதர். 2025-லும் லக்னோவில் 11 பந்தில் 26 அடித்து ஜெயிக்க வைத்தார். ஆனால் அவர் முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் ஓடி ஆட முடியாது என்று கோச் ஃபிளெமிங்கே சொல்லிவிட்டார். அஷ்வினுக்கும் பின்னால் இறங்கிய ஒருவரை பேட்ஸ்மேன் என்று கணக்கில் சேர்த்தால் அணியில் ஒரு பேட்ஸ்மேன் குறைவுதானே? அந்தப் பெங்களூர் ஆட்டத்தில் அவர் 16 பந்தில் 30 எடுத்தார். நாம் 50 ரன்னில் தோற்றோம். தோற்ற பிறகு அடித்த சிக்சருக்கும் விசில் பறந்ததே, எனக்கு வயிறு எரிந்தது.

உண்மையில் என் சண்டை உங்களோடுதான். ஜடேஜா அவுட் ஆனபோது நம் கூட்டமே கைதட்டியது, அடுத்து "தல" வருவார் என்று. தன் கட்சி விக்கெட் விழுந்ததற்குச் சந்தோஷப்படும் கூட்டத்தை வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்? மைதானம் அவருக்காகத்தான் நிரம்புகிறது என்று தெரிந்த பிறகு, அவரை உட்கார வைக்கும் தைரியம் எந்த நிர்வாகத்துக்கு வரும்?

கடைசியில் மானத்தைக் காப்பாற்றியது யார்? பெங்களூரில் 48 பந்தில் 94 அடித்த ஆயுஷ் மாத்ரே, அப்போது 17 வயசுப் பையன். கடைசி ஆட்டத்தில் குஜராத்துக்கு எதிராக 23 பந்தில் 57 அடித்த பிரெவிஸ். 19 பந்தில் 37 அடித்த உர்வில் படேல். அன்றைக்கு 230 எடுத்து 83 ரன்னில் ஜெயித்தோம். இந்த மூன்று பேருமே ஏலத்தில் நாம் எடுத்தவர்கள் இல்லை, அடிபட்டவர்களுக்குப் பதிலாக நடுவில் கொண்டுவந்தவர்கள். யாருக்கும் அடிபடாமல் இருந்திருந்தால் கடைசி வரை டொக்குதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2025 சீசனில் அதிக ரன், 759, எடுத்து ஆரஞ்சு தொப்பி வாங்கியவர் சாய் சுதர்சன். சென்னைப் பையன். 2022 ஏலத்தில் அடிப்படை விலையான 20 லட்சத்துக்கே குஜராத் தூக்கிக்கொண்டு போனது. நம் வீட்டுக் கொல்லையில் காய்த்ததை அடுத்த வீட்டுக்காரன் பறித்துப் போனான், நாம் திண்ணையில் உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டிருந்தோம்.

அக்கா மகனுக்கு ஒரு வார்த்தை: உன்னைக் குரூப்பில் மறுபடி சேர்த்திருக்கிறேன். தாராளமாகத் திட்டு. திட்டுவதற்கு முன்னால், அந்த டெல்லி ஆட்டத்தில் எந்த ஓவரில் எத்தனை பந்துக்கு எத்தனை ரன் வேண்டியிருந்தது என்று எழுதி அனுப்பு. மதிப்பெண் போட்டுத் தருகிறேன்.